ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கொடி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விசிலை வாயில் வைத்தேன் என்றால் ஆறரைக்குத்தான் எடுப்பேன். மினுங்குகிற ஆரஞ்சு அங்கி ஒன்று போட்டிருப்பேன். சங்கத்துக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. ஆம்பிளை அளவு, தோளில் இருந்து வழுகிக்கொண்டே இருக்கும். வலி முதலில் குதிகாலில் தொடங்கி ஐந்து மணியளவில் முழங்காலுக்கு வரும். அதற்குப் பிறகு வலிக்காது, மரத்துவிடும். கடற்காற்றின் உப்பும் வாகனங்கள் கிளப்புகிற புழுதியும் சேர்ந்து முகத்தில் காய்ந்து, சிரித்தால் தோல் இழுக்கும். நான் அந்த நேரத்தில் அதிகம் சிரிப்பதில்லை.

மட்டக்குளியில் கடலை ஒட்டி இருக்கிற பூங்காவுக்கு ஞாயிறும், போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் கொழும்பே திரண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றும். பட்டம் விட வருகிறார்கள், இறால் வடை தின்ன வருகிறார்கள், பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டுப் புல்லில் படுக்க வருகிறார்கள். பூங்காவுக்குள் இருக்கிற வாகனத் தரிப்பிடம் நாலரைக்கு முன்னமே நிரம்பிவிடும். பிறகு வருகிற வாகனங்களை எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை. மைதானம் பெரிது. காசும் இல்லை. ஆனால் மைதானத்து வாசலுக்குப் போகுமுன் எங்கள் ஒழுங்கை என்கிற சின்னச் சந்து வருகிறது. ஒழுங்கை வாயில் நிறுத்தினால் றோட்டைக் கடந்தவுடன் பூங்கா. மைதானத்தில் நிறுத்தினால் மூன்று நிமிடம் நடக்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் நடக்க ஒருவருக்கும் மனம் இல்லை. கடற்கரைக்கு வந்து இரண்டு மணித்தியாலம் நடக்கப் போகிறவர்களுக்கும் இல்லை.

எங்கள் ஒழுங்கை ஒரு கார் போகிற அகலம். இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டடம், முடிவில் மதில். வாயில் ஒரு வாகனம் நின்றால் உள்ளே ஓட்டோகூட வராது.

இதைச் சங்கம் ஏன் என் தலையில் கட்டியது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வங்கியில் இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறார். அம்மாவுக்கு பஸ்சின் இலக்கம் மட்டும் தெரியும். நான் கொட்டாஞ்சேனையில் படித்து உயர்தரம் சித்தியடைந்து, இப்போது புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன். மனுக்களும் சத்தியக்கடதாசிகளும் தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சு செய்வேன். வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படிக்கிறேன். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தொடர்மாடியில் படித்த பிள்ளை என்றால் தண்ணீர்க் கட்டணத்துக்கும் நீதான் கடிதம் எழுத வேண்டும், கிளினிக் கொப்பியையும் நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும். நலன்புரிச் சங்கத்துக்கும் நீதான் செயலாளர். அந்தச் சங்கம் முக்கியமாகச் சாவுக்கு உதவி செய்கிற சங்கம். அதன் அலுமாரியில் தறப்பாளும் தேத்தண்ணீர்க் கெண்டியும் வெள்ளைக் கொடி கட்டிய கயிறும் இருக்கும். பக்கத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கி இருக்கும்.

ஒழுங்கை வாயில் வலது பக்கம், கீழ்வீட்டில் ஒரு மாமாவும் மாமியும் இருக்கிறார்கள். உறவு இல்லை, பிறந்ததில் இருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். மாமா என் அப்பாவோடு துறைமுகத்தில் மா மூட்டை தூக்கியவர். அந்த மாத் தூளோ, பீடியோ, இரண்டுமோ, அவருக்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. இழுப்பு கூடினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வேண்டும். அரை மணித்தியாலம் பிந்தினால் நகம் நீலமாகும். மாமி பேலியகொடை மீன் சந்தையில் மீன் வெட்டுகிறார். விடியுமுன் போய்ப் பின்னேரம் வருவார். ஒவ்வொரு நாளும் வந்தவுடன் கைகூடக் கழுவாமல் மாமாவின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பார்.

ஒரு ஞாயிறு ஒழுங்கை வாயில் ஒரு வான் நின்றது. இரண்டு பக்கச் சிக்னலும் மினுங்கிக்கொண்டிருந்தன. அதைப் போட்டுவிட்டால் கொழும்பில் எங்கேயும் நிறுத்தலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாமாவுக்கு அன்றைக்கு இழுப்பு வந்தது. ஓட்டோ உள்ளே வர முடியவில்லை. அவரைச் சங்கத்துச் சிவப்புக் கதிரை ஒன்றில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, வானுக்கும் சுவருக்கும் இடையில் நுழைத்து வெளியே கொண்டுபோனார்கள். கதிரைக் கால் வானின் கண்ணாடியில் உரசியது. அதற்கு வான்காரர் வந்து சண்டை பிடித்தார். அன்றைக்குத்தான் சங்கம் ஒழுங்கையைக் காப்பாற்ற ஒரு ஆளைப் போடுவது என்று தீர்மானித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முதலில் செய்தது எழுதுவது. எனக்குத் தெரிந்தது அதுதான். மூன்று மொழியில் ஒரு பலகை எழுதினேன். நோயாளி இருக்கிறார், வழியை மறிக்க வேண்டாம், மைதானத்தில் இலவசமாக நிறுத்தலாம் என்று அம்புக்குறியும் போட்டேன். சிங்கள எழுத்து அச்சடித்த மாதிரி வந்தது. எங்கள் சட்டத்தரணி சேர்கூட அதன் போட்டோவைப் பார்த்து, நல்ல கையெழுத்து என்றார். முதல் ஞாயிறு அந்தப் பலகைக்கு நேர் முன்னால் ஒருவர் காரை நிறுத்தி இறங்கினார்.

"வாசிக்கத் தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"தெரியும் நங்கி. ஆனா அது மத்தவங்களுக்குத்தானே. நான் பத்து நிமிசத்துல வந்துருவேன்."

அந்தப் பலகை பிறகு பையன்களின் கிரிக்கெட்டுக்கு விக்கெட் ஆனது. ஒரு தகப்பன் தன் குழந்தையை அதன் மறைவில் நிறுத்தி மூத்திரம் பெய்ய வைத்தார். நான் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினேன். எந்த அலுவலகம் என்று கேட்டால் எல்லா அலுவலகமும்தான். ஒன்றில் இருந்து பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று. ஞாயிறு தோறும் விசிலோடு நின்றேன். விசில் ஊதி ஒருவரை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒழுங்கைக்குள் நுழைந்திருப்பார். "மிஸ், பிள்ளைக்கு வயித்து வலி." "மிஸ், அம்மாவுக்கு நடக்க ஏலாது." அந்த அம்மா இறங்கி எனக்கு முன்னால் விறுவிறு என்று கடலுக்கு நடந்து போவார். வீட்டுக்குப் போனால் அம்மா சாப்பாடு போட்டுவிட்டு என் கால் இரண்டையும் தன் மடியில் எடுத்து வைப்பார். "படிச்சது இதுக்குத்தானா?" என்று கேட்பார். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இருக்காது, தெரியாமல் கேட்கிற மாதிரி இருக்கும். அதுதான் கூட வலிக்கும்.

பிறகு மூன்றாம் மாடியில் ஒரு வயதானவர் காலமானார். வழக்கம் போல ஒழுங்கை வாயில் குறுக்கே வெள்ளைக் கொடி கட்டினோம். பொலித்தீனை முக்கோணமாக வெட்டிக் கயிற்றில் கோத்த கொடிகள். ஒரு நுனி மின்கம்பத்தில், மறு நுனி மாமாவின் வீட்டு ஜன்னல் கம்பியில். எதிரே கட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. செத்தவீடு முடிந்தும் கொடிகளை யாரும் அவிழ்க்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் ஒரு வாகனம்கூட ஒழுங்கைக்குள் வரவில்லை.

நான் கவனித்தேன். வேகமாக வருகிற கார் வாயில் திரும்பும், கொடியைக் காணும், நிற்கும். உள்ளே பாட்டைக் குறைப்பார்கள். முன் சீட்டில் இருக்கிற பெண் பின்னால் திரும்பிப் பிள்ளைகளை அதட்டுவாள். கார் மெதுவாகப் பின்னுக்குப் போகும். விசிலும் பலகையும் மூன்று மொழியும் செய்யாததை ஒரு முழம் பொலித்தீன் செய்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் நான் கெட்டிக்காரி. உடனே யோசனை ஓடியது.

கொடியை அவிழ்த்து அலுமாரியில் வைத்த பிறகு சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஞாயிறும் போயாவும் நாலு மணியில் இருந்து ஆறரை வரைக்கும் கொடியைக் கட்டுவோம்.

தலைவர் பழைய பஸ் கொண்டக்டர், எதற்கும் சத்தமாகக் கதைப்பவர். அவரே குரலைத் தாழ்த்தினார். "சாவுக் கொடிய சும்மா கட்டுறதா, தங்கச்சி?"

"சும்மா இல்ல அண்ணே. உள்ளுக்கு ஒரு ஆள் சாகாம இருக்கத்தான் கட்டுறோம்."

"யாரு செத்ததுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. ரெண்டு கெழமையா பாத்தேன். ஒருத்தரும் எறங்கிக் கேக்கல."

கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். புதுக்கடையில் கேட்டுக் கேட்டுப் பழகியது வந்தது. கடைசியில் மாமாவே கதிரையில் இருந்து கையைத் தூக்கினார். "கட்டுங்கப்பா. எஞ் ஜன்னல்லயே கட்டுங்க. என் செத்தவீடு எப்புடி இருக்கும்னு நானும் பாத்துக்கிறேன். எல்லாருக்கும் கெடைக்குமா அது?"

எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானத்தை நான் குறிப்பேட்டில் அழகாக எழுதினேன். மாமாவின் சம்மதத்தையும் எழுதினேன். மாமி கூட்டத்தில் இல்லை. இரண்டு மணிக்கு எழும்புகிறவர் அந்த நேரம் தூங்கிவிடுவார். அவரிடம் நான் கேட்கவில்லை. மாமா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். மாமா, நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார்.

முதல் ஞாயிறு கொடி கட்டி அரை மணித்தியாலத்துக்குள் ஏழு வாகனம் திரும்பிப் போனது. மாமா சாரம் உடுத்தபடி ஜன்னலில் உட்கார்ந்து, தன் தலைக்கு மேல் கொடி ஆட, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா மகள்? யாருன்னே தெரியாது. முப்பது வருசம் மூட்ட தூக்குனேன், ஒருத்தன் எனக்குத் தொப்பி கழட்டல."

நான் சிரித்துக்கொண்டே மைதானத்து வாசலுக்குத் திரும்பினேன். முகத்துத் தோல் இழுத்தது. அப்போதுதான் பஸ் வந்து நின்றது. மாமி இறங்கினார்.

கையில் மீன் பை. வழக்கம் போல ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கொடியைக் கண்டார். கயிறு எந்த ஜன்னலில் முடிகிறது என்று கண்டார். பை கீழே விழுந்தது. நான் அந்தத் தூரத்தில் இருந்து அவர் வாய் திறப்பதைக் கண்டேன், சத்தம் பிறகுதான் வந்தது. "ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே!" ஒரு செருப்பு கழன்று றோட்டில் கிடக்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினார். "இல்ல மாமி" என்று கத்த நினைத்து நானும் ஓடினேன். வாயில் விசில் இருந்தது. விசில்தான் கத்தியது. திரும்பவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற இரண்டு கார்களும் மாமியைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பின்னுக்குப் போயின.

மாமா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். "என்னாடி? பஸ்சுல சங்கிலிய அறுத்துட்டானா?"

மாமி அவரை அடிக்கக் கை ஓங்கினார். நெஞ்சுக்குக் கிட்டப் போன கை அப்படியே நின்றது. அந்த நெஞ்சில் அவரால் அடிக்க முடியாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு திரும்பினார்.

"யாரு கட்டுனது?"

"நான்தான் மாமி. கார் வராம இருக்குறதுக்குத்தான்… மாமாட்ட கேட்டுத்தான்…"

"படிச்சவ. இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

நான் அங்கியைத் தோளுக்கு இழுத்துவிட்டேன்.

"ராவும் பகலும் காத வச்சி வச்சி இந்த மூச்ச நான் புடிச்சி வச்சிருக்கேன். நீ வந்து என் ஜன்னல்லயே கட்டித் தொங்கவுட்டுட்ட."

அவர் போய்ப் பையை எடுத்து வந்தார். அதற்குள் காகங்கள் இரண்டு மீனை இழுத்திருந்தன. பைக்குள் இருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். கொடிகள் ஒழுங்கையில் விழுந்து கிடந்தன. ஐந்து நிமிடத்தில் அதன் மேல் ஒரு ஜீப் ஏறி நின்றது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்கு வெட்கத்தை விடக் கோபம்தான் வந்தது. ஏழு வாகனம் திரும்பிப் போனதே, அது யாருக்காக என்று இருந்தது. அந்த ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கண்டால் யாருடைய சாவு என்று தொடர்மாடியில் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வருவார். அது எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் அந்த ஜன்னலில் கயிற்றைக் கட்டினேன். இது எனக்குப் புரிய ஒரு கிழமை எடுத்தது. புரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. போய் நின்றால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மாமி என்னோடு கதைப்பதை விட்டார். மாமாவின் கிளினிக் கொப்பியைச் சந்திக் கடைக்காரரிடம் கொண்டுபோய் வாசித்துக் கேட்டார். அவர் அதில் பாதியைத் தவறாகச் சொன்னதும் எனக்குத் தெரியும். ஞாயிறு தோறும் நான் பழையபடி ஓடினேன், ஊதினேன். வாகனங்கள் பழையபடி வந்தன.

ஐந்து கிழமை கழித்து ஒரு போயா. அன்றைக்குக் காற்று நல்லது, வானம் முழுக்கப் பட்டம். நான் ஒரு பஸ்ஸை மைதானத்துக்குள் திருப்பிவிட்டு வரும்போது ஒழுங்கை வாயில் ஒரு வெள்ளிநிறக் கார் நின்றது. புத்தம் புதிது, ஆள் இல்லை. சிக்னல்கூடப் போடவில்லை. நான் அதன் இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டிருந்தபோது மாமி வாசலுக்கு வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"றோட்டத் தொற" என்றார். ஐந்து கிழமையில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

பழைய கார் என்றால் நாலு பேர் சேர்ந்து குலுக்கிக் குலுக்கி நகர்த்திவிடலாம். இந்தப் புதுக் கார்கள் பட்டனில் நிற்பவை. அணைத்தவுடன் சில்லுப் பூட்டிக்கொள்ளும். ஏழு ஆம்பிளைகள் தள்ளினார்கள். கார் அசையவில்லை, அலறத் தொடங்கியது. நான் பூங்காவுக்கு ஓடினேன். அங்கே காவலரிடம் காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கிற ஒலிபெருக்கி இருக்கிறது. அதைப் பறித்து, இலக்கத்தை மூன்று மொழியிலும் சொன்னேன். ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, தயவு செய்து வாருங்கள் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். ஒரு பிழை விடவில்லை. யாரும் வரவில்லை. திரும்பி ஓடினேன்.

மறுபடியும் சிவப்புக் கதிரை. இந்த முறை ஒரு காலை நான் பிடித்தேன். வெள்ளிக் காருக்கும் சுவருக்கும் இடையில் கதிரை நுழையவில்லை. காரின் முன்மூடிக்கு மேலால் தூக்கிக் கடத்தினோம். மாமாவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அவர் மூச்சு விசில் மாதிரி இருந்தது, என் விசிலை விட மெல்லியது. மாமி முன்னால் ஓடி றோட்டில் போகிற ஓட்டோவுக்குக் குறுக்கே போய் விழுகிற மாதிரி நின்றார். நான் அவரோடு ஏறப் போனேன். "நீ இரு" என்றார். ஓட்டோ போனது.

காருக்குரியவர் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். கையில் ஐஸ்கிறீம்.

"சொரி மிஸ். நம்பர் சொன்னது கேட்டிச்சி. ஆனா முன்னுக்கு ரெண்டு பேர்தான் இருந்தாங்க, வரிசைய விட்டுட்டு வர மனசில்ல. யாருக்காவது பிரச்சினையா?"

எனக்கு மூன்று மொழி தெரியும். காரைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவர் போனார்.

மாமா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது குரல் சின்னதாகிவிட்டது. ஜன்னலில் உட்காரப் பலம் இல்லை, கட்டிலை ஜன்னலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்கள். இன்னொரு தரம் இப்படிப் பிந்தினால் ஏலாது என்று டொக்டர் சொன்னதாக அம்மா சொன்னார். மாமி என்னிடம் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மூன்றரைக்கு நான் அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். கால் அப்போதே கனத்தது. இதை விட்டுவிடலாம், பரீட்சை வருகிறது என்று சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். நல்ல கடிதம். கைப்பையில் இருந்தது. ஒழுங்கை வாயில் மாமி ஒரு கதிரைக்கு மேல் ஏறி நின்றார். அன்றைக்கு அவர் சந்தைக்குப் போகவில்லை. கையில் அந்தக் கயிறு. அறுத்த இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. கொடிகளைக் கழுவியிருந்தார், ஜீப்பின் சில்லு அடையாளம் மட்டும் ஒன்றில் போகவில்லை.

"மத்தப் பக்கத்தக் கம்பத்துல கட்டு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வேணாம் மாமி. நான் பாத்துக்கிறேன். இன்னைக்கு ஒன்னையும் விட மாட்டேன்."

"ஒன்னால ஏலாது. ஒரு ஆளால ஏலாது. கட்டு."

கட்டினேன். அவர் தன் பக்கத்து நுனியை ஜன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு இடுப்பில் இருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்தார். அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டியிருந்தது. அதைக் கயிற்றின் முடிச்சுக்குள், ஜன்னலுக்கு உட்புறமாக, வெளியே தெரியாமல் கட்டினார். கட்டி முடிக்கும் வரை உதடு அசைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து மாமா, "நல்லா இழுத்துக் கட்டுடி, போன தரம் தொங்குச்சி" என்றார்.

"நீங்க வாய மூடிக்கிட்டுப் படுங்க."

நாலே முக்கால் வரை ஒன்பது வாகனம் திரும்பியது. பிறகு ஒரு நீலக் கார் வந்தது. நின்றது, பின்னுக்குப் போகவில்லை. கண்ணாடி இறங்கியது. வெள்ளவத்தைப் பக்கத்து வடக்குத் தமிழ் ஆட்கள் என்று கதைக்கிற விதத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, உள்ளுக்கை செத்தவீடோ?" என்று ஓட்டியவர் கேட்டார். நான் தலையை ஆட்டியும் ஆட்டாமலும் நின்றேன். அவரோடு இருந்த அம்மா குனிந்து என்னைப் பார்த்தார். "ஆர் பிள்ளை? உங்கட ஆக்களோ?"

இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னவள் நான். கொடி பொய் சொல்லட்டும், நான் சொல்லத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வாசற்படியில் இருந்து மாமியின் குரல் வந்தது.

"எம் புருசன்."

"ஐயோ. எப்ப அம்மா?"

"காலையில. நெஞ்சுல இழுப்பு."

கார்க்காரர் ஏதோ முணுமுணுத்து, மன்னிப்புக் கேட்டு, பின்னுக்கு எடுத்தார். நான் மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினேன். போய்விட்டார்கள், முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நிமிடம் கழித்து அந்த அம்மா நடந்து வந்தார். பிள்ளைகளையும் கணவரையும் கடலுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்தார். காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தெரிஞ்சாப் பிறகு பேசாமப் போக மனம் கேக்கேல்லை" என்று என்னிடம் சொன்னார். செருப்பை ஒழுங்கை வாயில் கழற்றிவிட்டுக் கொடிக்குக் கீழால் குனிந்து உள்ளே போனார். எனக்கு மறிக்கத் தெரியவில்லை. மாமி படியில் உட்கார்ந்திருந்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாமியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

மாமி அழுதார். முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வானுக்கும் சுவருக்கும் இடையில் கதிரை போன அன்றைக்கும் அவர் அழவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதும் அழவில்லை என்று என் அம்மா சொன்னார். இப்போது ஊர் பேர் தெரியாத ஒருவரின் தோளில் முகத்தை வைத்து, சத்தம் இல்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்க அழுதார். அந்த அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "அழுங்கோ, அழுங்கோ. வைச்சிருக்கக் கூடாது."

ஜன்னலுக்கு உள்ளே சத்தமே இல்லை. அந்த இடத்தில் எப்போதும் இருமல் கேட்கும், இழுப்புக் கேட்கும், ஏதாவது பகிடி கேட்கும். நான் ஜன்னலுக்குக் கிட்டப் போய் மெதுவாகப் பார்த்தேன். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாரத் தலைப்பை வாயில் அடைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். கண் பிதுங்கி நீர் வழிந்தது. என்னைக் கண்டதும் ஒரு விரலைத் தூக்கி, பேசாதே என்று காட்டினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த அம்மா எழும்பி, மாமியின் தலையைத் தொட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் நடந்து போனார். செருப்பைப் போடும்போது என் தோளில் கை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. றோட்டைக் கடந்து கூட்டத்தில் அவர் மறையும் வரை நின்றேன்.

மாமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"போயிட்டாங்களா?" என்று உள்ளே இருந்து அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"போயிட்டாங்க" என்றார் மாமி. "இருமுங்க."

அவர் இருமினார். நீளமாக, கட்டில் கிறீச்சிட இருமினார். மாமி உள்ளே போய் முதுகில் காதை வைத்தார். ஒழுங்கை வாயில் இருந்து மதில் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தது. வாசலில் இன்னொரு வான் வேகத்தைக் குறைத்தது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனேன்.